அண்ணனை மரத்தில் கட்டிய கதை

என் அண்ணன் மரத்திலிருந்து விழவில்லை. மரத்திலிருந்து அவனை யாரோ தள்ளிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இதுதான் முடிவான பேச்சு. காறை எலும்பு உடைந்து, கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், வாசற்படியில் உட்கார்ந்து அதையேதான் சொன்னான்.

"நல்லாத்தான் உக்காந்திருந்தேன். முதுகுல யாரோ கைய வச்சு ஒரு தள்ளு. அவ்வளவுதான்."

கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். காட்டு முனி என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா முனிக்கு ஒரு சேவல் கொடுத்தாள். அத்தோடு கணக்கு தீர்ந்தது. அண்ணன் மரத்திலேயே தூங்கிப்போனான், தூங்கியவன் விழுந்தான் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். அதற்காக ஒரு வாரம் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவன் மரத்தில் என்ன செய்தான் என்பதைச் சொல்ல வேண்டும். அக்கரப்பத்தனையில் எங்கள் லயத்துக்கு மேலே கடைசித் தேயிலை மலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். காட்டுக்கும் மலைக்கும் நடுவில் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவருடைய உருளைக்கிழங்குத் தோட்டம். சிங்களக் கிராமத்தை நாங்கள் நாடு என்போம். கிழங்கு வைக்கிற காலத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி வந்து ஒரே இரவில் பாத்தி பாத்தியாகப் புரட்டிப் போட்டுவிடும். அவரிடம் உரிமம் உள்ள ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது. ஆனால் உடம்பு கனம். மரம் ஏற முடியாது. அவர் தோட்டத்துக் குடிசையில் துவக்கோடு உட்கார்ந்திருப்பார். என் அண்ணன் காட்டோரத்து மரத்தில் உட்கார்ந்து, பன்றி வரும் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, வந்தால் டோர்ச் லைட்டால் சைகை காட்ட வேண்டும். பன்றி விழுந்தால் கறியில் பங்கு. பங்கு என்றால் அது அண்ணனுக்கு மட்டும் வருகிற பங்கில்லை. எங்கள் லயத்தின் எல்லா வீட்டு அடுப்புக்கும் அதில் ஒரு துண்டாவது போகும். அதனால் அண்ணன் மரம் ஏறுவதில் எல்லாருக்கும் அக்கறை இருந்தது. அவன் இறங்குவதைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

கை கூடியதும் அவன் மறுபடி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போனான். அடுத்த போகத்தில் உருளைக்கிழங்கு பூத்ததும் நாட்டுக்காரர் ஆள் அனுப்பினார். அண்ணன் டோர்ச்சுக்கு பற்றரி வாங்கிக்கொண்டு வந்தான்.

"மறுபடியும் ஏறப் போறியா?" என்றேன்.

"ஏன், அதான் சேவல் குடுத்தாச்சுல்ல?"

இப்படிச் சொல்கிற மனிதனிடம் என்ன பேசுவது? எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஹட்டனில் உயர்தரம் படித்துத் தேறி, டயகமப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதை மறைப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஊரார் பிள்ளைகள் நாற்பது பேருக்குப் புவியீர்ப்பு பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, சொந்த அண்ணனுக்கு அதை நிரூபிக்க முடியாமல் நின்றேன்.

அந்த வருடம்தான் எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது. கம்பம் ஏறி வேலை செய்த லைன்மேனை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். கம்பத்தின் உச்சியில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் போலச் சாய்ந்துகொண்டு கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் அகலமான பெல்ட். அதிலிருந்து இன்னொரு பட்டி கம்பத்தைச் சுற்றி வந்து மறுபக்கம் மாட்டியிருந்தது. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அவர் இறங்கும்வரை காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விசாரித்தேன். முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, தங்கச்சி என்கிற பொருளில் நங்கி என்று கூப்பிட்டு, மாட்டிக் கழற்றிக் காட்டினார்.

"ஏறி முடித்த பிறகா கட்டுவது என்று கேட்கிறீர்களே நங்கி, மேலே போய்ப் போட்டுக்கொள்ள இது என்ன பூமாலையா? தரையில் நிற்கும்போதே கம்பத்தைச் சுற்றி மாட்டிவிட வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பட்டியை மேலே தள்ளித் தள்ளி ஏற வேண்டும். இறங்கும்போதும் அப்படித்தான்."

பழைய பெல்ட் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். பழையதை வேறு யாரும் எடுத்துப் போடக்கூடாது என்று துண்டு துண்டாக வெட்டித்தான் எறிவார்களாம்.

இந்தச் செய்தியோடு பெருமையாக வீட்டுக்கு வந்தேன். அண்ணன் முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டுக் கூரையில் செருகியிருந்த தும்புக்கயிற்றை இழுத்துப் போட்டான்.

"இந்தா. இதைக் கட்டிக்கிறேன். போதுமா?"

வருடக்கணக்காகப் பனியிலும் மழையிலும் கிடந்த கயிறு. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன். உள்ளிருந்து தூள் கொட்டியது. மறுநாள் அம்மாவின் துணி காயப்போடும் நைலோன் கயிற்றைக் காட்டினான். விரல் பருமன்கூட இல்லை. இடுப்பில் இறுகினால் கத்தி மாதிரி இறங்கும் என்றேன். அதற்கு மறுநாள் பெரிய வெற்றியோடு வந்தான். தேயிலை ஃபெக்டரியில் கழித்துப் போட்ட மெஷின் பெல்ட்டில் ஒரு துண்டு.

"ரோலரையே சுத்துன பெல்ட்டு. என்னையத் தாங்காதா?"

வளைத்துப் பார்த்தேன். வெடித்து வெடித்துச் சோளப்பொரி மாதிரி இருந்தது.

"தாங்குனா ஏன் கழட்டி எறிஞ்சாங்க?"

"உனக்கு எதைக் காட்டுனாலும் நொட்டை."

ஆமாம், நொட்டைதான். சனிக்கிழமை நானே ஹட்டனுக்குப் போனேன். லொறிச் சுமையை மூடுகிற படங்கும் கயிறும் விற்கிற கடையில், சுமையை இறுக்கிக் கட்டுகிற அகலப் பட்டி வேண்டும் என்று கேட்டேன்.

"எந்த லொறிங்க?" என்றார் கடைக்காரர்.

"லொறி இல்லைங்க. ஆளைக் கட்டணும்."

"ஆளையா?"

"எங்க அண்ணனை. மரத்துல."

அவர் கையில் எடுத்த பட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "தண்ணி அடிச்சிட்டு ரொம்ப தொந்தரவா தங்கச்சி?" என்று ஆறுதலாகக் கேட்டார். நான் விளக்கி முடிப்பதற்குள் கடையில் நின்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் ஆட்டுச் சங்கிலி போதுமே என்றார். எப்படியோ புதுப் பட்டியும், கை நிறையப் பிடிக்கும் பருமனில் ஒரு கயிறும் வாங்கினேன். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, இடுப்புக்கு ஒன்று, தொடைக்குக் கீழே உட்காரும்படி ஒன்று என்று, மடித்து நாலு வரிசைத் தையல் போட்டு, முன்பக்கம் இரண்டு வளையமும் வைத்து வாங்கி வந்தேன்.

வீட்டில் அடுத்த பிரச்சினை காத்திருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் கொழுந்துக் கூடையை இறக்கக்கூட இல்லை.

"மரத்துல கயித்தோட ஏறுறவன் எதுக்கு ஏறுவான்? வெளக்கு வைக்கிற நேரத்துல இதைக் கொண்டாந்து நடு வீட்டுல போடுற. படிச்ச புள்ளையாடி நீ?"

"அம்மா, அது கழுத்துல மாட்டுற கயிறு. இது இடுப்புல."

"வாயக் கழுவு."

அண்ணனுக்கு இது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. அம்மா மனசு நோகும்படி எதையும் செய்யமாட்டானாம். மரத்திலிருந்து விழுந்து அம்மாவை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்தபோது மட்டும் அந்த மனசு நோகவில்லை போலும். பட்டி இல்லாமல் ஏறினால், பன்றி வேட்டையாடுகிற விஷயத்தைக் கிராம சேவகரிடமே போய்ச் சொல்வேன் என்றேன். சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் சிங்களத்தில் பேசத் தெரிந்த தங்கச்சி என்ன வேண்டுமானாலும் செய்வாள் என்று அவனுக்கு ஒரு பயம் இருந்தது. சரி, ஒரு தடவை பார்க்கலாம் என்று இறங்கிவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் பின்னால் நின்ற ஒரு சவுக்கு மரத்தில் ஒத்திகை. இடுப்புயரம் மட்டும் ஏறினால் போதும் என்றேன். லயமே வந்து நின்றது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "டீச்சரம்மா அண்ணனுக்கு ஊஞ்சல் கட்டுறாங்க" என்று ஒருத்தி சொன்னாள். "மாப்பிள்ளை ஊஞ்சல்" என்றாள் இன்னொருத்தி. அண்ணன் பட்டியை மாட்டினான். கயிற்றை வளையத்தில் கோத்து மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அவனே முடிச்சுப் போட்டான். இரண்டு அடி ஏறி, காலை மரத்தில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குப் பிடித்திருந்தது. ஒத்துக்கொள்ள மனமில்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ம். பரவால்ல. காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குக்கூட இதுலயே வந்து தொங்கலாம் போலருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி, தொடைப் பக்கம் தொங்கிய கயிற்று நுனி உறுத்துகிறதென்று அதைப் பிடித்து ஒதுக்க ஓர் இழு இழுத்தான். அடுத்த நொடி மரத்தடியில் தண்ணீர் ஓடும் கானுக்குள் மல்லாந்து கிடந்தான்.

லயம் குலுங்கிச் சிரித்தது. "இதுலயும் முனி தள்ளிருச்சா?" என்று யாரோ கத்தினார்கள். நான் சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்துப் பார்த்தேன். முடிச்சு என்று ஒன்றுமே இல்லை. ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நேராகத் தொங்கியது. அப்போதுதான் விளங்கியது. அவன் போட்டது விறகு முடிச்சு.

எங்கள் லயத்தில் எல்லாருக்கும் கை தானாகப் போடுகிற முடிச்சு அது. காட்டில் விறகு பொறுக்கிக் கட்டி, முதுகில் சுமந்துகொண்டு வந்து, அடுப்படி வாசலில் திரும்பி நின்று நுனியை ஓர் இழு இழுத்தால் கட்டு முழுவதும் சரசரவென்று விழுந்துவிடும். குனிய வேண்டாம், இன்னொருவர் உதவி வேண்டாம். எவ்வளவு கனம் தொங்கினாலும் நிற்கும். நுனியைத் தொட்டால் விடும். ஆட்டைக் கட்டுவதும் அந்த முடிச்சுதான், மூட்டை கட்டுவதும் அந்த முடிச்சுதான். என் அண்ணன் தன்னையே ஒரு கட்டு விறகு போலக் கட்டிக்கொண்டு, இழுக்கிற நுனியைத் தன் கைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறான்.

"கயிறு சரியில்ல" என்றான் சேற்றைத் துடைத்துக்கொண்டே.

"கயித்துக்கு என்னண்ணே வந்திச்சு? நீ போட்ட முடிச்சு அது."

"அந்த முடிச்சுதான் நல்லது. குளவி வந்தா? மேல நின்னுக்கிட்டு எவன் முடிச்ச அவுத்துக்கிட்டு இருப்பான்?"

குளவி என்றதும் கூட்டம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத வீடு எங்கள் பக்கம் இல்லை. குளவி வந்தால் முடிச்சை அவிழ்த்து இருபது அடி கீழே குதிக்கப் போகிறாயா, பட்டியைத் தள்ளித் தள்ளி இறங்கப் போகிறாயா என்று கேட்டேன். அவிழ்க்கவே தேவையில்லை, கட்டியபடியே இறங்கலாம், தரைக்கு வந்த பிறகு அவிழ்த்தால் போதும் என்று மூன்று தடவை சொன்னேன். கூட்டம் கலைந்துபோனது.

பாடசாலையில் சாரணியர் குழுவில் நான் இருந்தபோது கயிற்றை எட்டுப் போல வளைத்து, வந்த வழியே மறுபடி கோத்துப் போடும் முடிச்சு ஒன்றைப் பழகியிருந்தேன். இழுக்க இழுக்க இறுகும். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இல்லை, சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். முதல் தடவை சரியாகப் போட்டான். இரண்டாம் தடவை பேசிக்கொண்டே போட்டான், விறகு முடிச்சு. நான் நுனியை இழுத்துக் காட்டினேன். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு போடு என்றேன், விறகு முடிச்சு. எட்டு வயதுப் பிள்ளைகள்கூட நான் சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு வேகமாக மறந்ததில்லை.

"என் கை அப்படித்தான் போகுது. நான் என்ன செய்ய?"

"அப்போ நான் கட்டுறேன்."

"நீ காட்டுக்கு வருவியா?"

"வருவேன்."

போனேன். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அவனோடு மலை ஏறினேன். அம்மாவும் பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சண்டை. அவனுக்கு எல்லாவற்றிலும் உயர்ந்த டர்பன்டைன் மரம் வேண்டும். அதன் பட்டை மழையில் உரிந்து காலோடு வரும் என்றேன். சவுக்கு மரம் காட்டினான். அதன் கிளை சொல்லாமல் முறியும் என்றேன். இன்னொன்று உச்சியில் இலையில்லாமல் காய்ந்திருந்தது.

"மரத்துக்கு இண்டர்வியூ வைக்கிறாம்மா இவ" என்றான் அம்மாவிடம்.

கடைசியில் பட்டை சொரசொரவென்று, தண்டு நேராக, உச்சிவரை பச்சையாக நின்ற ஒரு காட்டு மரம் கிடைத்தது. தடமும் தெரிந்தது. அடியில் நிற்கவைத்து, கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, நானே முடிச்சுப் போட்டேன். அத்தோடு விட எனக்கு மனமில்லை. கொண்டுபோயிருந்த கோணியூசியை எடுத்து, முடிச்சின் நுனியைக் கயிற்றோடு சேர்த்துச் சணல் நூலால் தைத்துவிட்டேன். பாதி இரவில் அவன் கை தானாக எதையாவது அவிழ்க்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடுப்பில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியையும் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தேன். விழுந்தால் வயிற்றில் ஏறும்.

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்துற மாதிரி குத்துறா" என்று முனகிக்கொண்டே ஏறினான். ஆனால் பட்டியைத் தள்ளித் தள்ளித்தான் ஏறினான்.

மறுநாள் காலை நான் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போது வந்தான். வாசலில் பட்டியை விட்டெறிந்தான்.

"நல்லாயிருப்பியா நீ?"

பன்றி வந்திருக்கிறது. இவன் சைகை காட்ட, நாட்டுக்காரர் சுட, அடிபட்ட பன்றி பள்ளத்துக்குள் ஓடி விழுந்திருக்கிறது. வெடிச் சத்தம் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் பந்தம் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இவனும் இறங்கியிருக்கிறான். பட்டியைத் தள்ளித் தள்ளி, நான் சொன்னபடியே ஒழுங்காக இறங்கியிருக்கிறான். தரைக்கு வந்த பிறகு முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பனியில் கயிறு நனைந்து கல்லாகியிருந்தது. தையலை அறுக்கக் கத்தி இல்லை. பட்டியின் இரண்டு வளையங்களையும் பூட்டியிருந்ததே அந்தக் கயிறுதான் என்பதால் பட்டியையும் கழற்ற முடியவில்லை.

"ஆடு மாதிரி மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தேன். கூப்புட்டுப் பாத்தேன், ஒருத்தனுக்கும் கேக்கல. விடிஞ்சப்புறம்தான் அந்த மனுசன் வந்து அறுத்துவிட்டாரு. கறி எல்லாம் போச்சு."

எங்கள் பக்கத்து வேட்டையில் ஒரு முறை உண்டு. விழுந்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கும்போது தோள் கொடுத்தவனுக்குத்தான் பங்கு. சைகை காட்டியவனாக இருந்தாலும் தோள் கொடுக்காவிட்டால் ஒன்றுமில்லை. வேறு தோட்டத்து ஆட்கள் நாலு பேர் தோள் கொடுத்திருக்கிறார்கள். கறி அவர்களோடு போய்விட்டது.

"கறி போனது ஒரு பக்கம். இதைப் பாரு" என்று சட்டையைத் தூக்கினான். "உன் பெல்ட்டு பண்ணுன வேலையைப் பாரு. நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

இடுப்பைச் சுற்றி முன்னும் பின்னும் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. தொடைக்குக் கீழேயும் அப்படித்தானாம். சாய்ந்து உட்கார்ந்தால் அப்படிக் கன்றாது. முழு உடம்பும் ஒரேயடியாக வந்து தொங்கினால்தான் கன்றும்.

"எப்பண்ணே தொங்குன?"

"எனக்கு என்ன தெரியும்? பன்னி வர்றதுக்கு முந்தி முழிச்சுப் பாத்தா கால் ரெண்டும் அந்தரத்துல ஆடுது. இடுப்பு வலி உயிர் போகுது. அதுக்கப்புறம் எங்க தூங்குறது? அந்த வலியிலதான் விடிய விடிய முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எண்ணெய்ப் போத்தலோடு வந்து அவன் பின்னால் உட்கார்ந்தாள். கன்றிய இடத்தைத் தொட்டவள் கையை அங்கேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரும் தள்ளுனாங்களாப்பா?"

அண்ணன் நேர்மையாக யோசித்தான். "தள்ளுன மாதிரிதாம்மா இருந்திச்சு. கட்டியிருந்ததுனால போகல."

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"இந்தா, போறவ கேட்டுட்டுப் போ" என்றான் அவன். "அடுத்த வாரத்துக்கு அந்தப் பட்டிக்கு உள்பக்கம் சாக்கு மடிச்சு வச்சுத் தைச்சுக் குடு. இப்படி அறுத்தா மனுசன் எப்படித் தொங்குறது?"

ஒரு நன்றி இல்லை. ஒரு நல்ல வார்த்தை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அதற்குள் செய்தி லயத்தின் கடைசி வீடுவரை போயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள்.

"கறிக்கு மசாலை அரைச்சு வச்சிருந்தேன் டீச்சரம்மா."

"எங்கூட்டுக்காரரு காலையில இருந்து சட்டிய கழுவி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"எல்லாம் டீச்சரம்மா போட்ட முடிச்சால வந்ததாமே?"

"ஆமாங்க" என்றேன் அந்த வாசலில். அடுத்த வாசலிலும் அதையே சொன்னேன். கடைசி வீட்டைத் தாண்டும்போது யாரும் கேட்பதற்கு முன்பே, மலைக்குப் புறப்பட்டு நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"ஆமாங்க, என்னாலதான்."